கின்டர்டைக்: நீர் போகும் வழியே நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், லெக் ஆறும் நோர்ட் ஆறும் கூடும் முனையில் கின்டர்டைக் என்ற சிற்றூர் இருக்கிறது. இங்குள்ள 19 காற்றாலைகளைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதல் நான்கைந்து ஆலைகளைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்திற்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆலைகள் ஏன் இரண்டு வரிசைகளாக நிற்கின்றன, ஒரு வரிசை செங்கல்லாலும் மற்றொன்று நாணல் வேய்ந்தும் ஏன் இருக்கின்றன, இத்தனை ஆலைகள் ஒரே மூலையில் ஏன் குவிந்தன என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் இந்த ஊரைப் பார்த்தால் பார்த்ததில் பாதிதான் மிஞ்சும். மூன்றுக்கும் விடை நீரிடம் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஆலைகளை எண்ணிக்கொண்டு போகாமல், தாழ்ந்த வயல்களில் தேங்கும் நீர் ஆற்றை அடைவதற்குக் கடக்க வேண்டிய வழியைப் பின்பற்றுகிறது.

முதல் படி: ஆற்றங்கரையின் மேல் ஏறி நிற்பது

ரோட்டர்டாமிலிருந்தோ டோர்ட்ரெக்டிலிருந்தோ பயணிகள் படகில் வருவதே இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான வருகை. பேருந்தும் மிதிவண்டியும் வசதியானவைதாம். ஆனால் ஆற்றின் மட்டத்திலிருந்து கரையைப் பார்த்துவிட்டு, பிறகு கரையேறி மறுபுறம் உள்ள நிலத்தைப் பார்க்கும்போது கிடைக்கும் அறிவு சாலை வழியே வருபவர்களுக்குக் கிடைப்பதில்லை. படகிலிருந்து இறங்கியதும் ஆலைகளை நோக்கி விரையாமல், கரையின் உச்சியில் சற்று நேரம் நின்று இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்வாக வயல்களும் வீட்டுக் கூரைகளும் தெரியும். உள்பக்க நிலம் கடல் மட்டத்திற்கும் கீழே, இடத்திற்கு இடம் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது.

லெக் என்பது ரைன் ஆற்றின் ஒரு கிளை. அது இங்கே நோர்டுடன் சேர்ந்து நியுவே மாஸ் என்ற பெயருடன் ரோட்டர்டாம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கடல் அருகில் இருப்பதால் ஓதம் இங்கே வரையிலும், இதற்கு மேலும்கூட ஏறி இறங்குகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஆற்றின் மட்டம் உயரும், இரண்டு முறை தாழும். இந்த ஊரின் வரலாறு முழுவதும் அந்தத் தாழ்வு நேரத்தைப் பயன்படுத்திக்கொண்ட வரலாறுதான் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: பெயரையும் தொட்டில் கதையையும் தெரிந்துகொள்வது

கின்டர்டைக் என்ற டச்சுப் பெயருக்குக் குழந்தைகளின் கரை என்று பொருள். 1421 நவம்பர் 18க்கும் 19க்கும் இடைப்பட்ட இரவில், புனித எலிசபெத் வெள்ளம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற பெரும் புயல் வெள்ளம் இப்பகுதியின் தெற்கே இருந்த கிரோட்டே வார்ட் என்ற வளமான நிலப்பரப்பை மூழ்கடித்தது. அந்த நிலத்தின் பெரும்பகுதி பிறகு மீட்கப்படவே இல்லை. இன்று பீஸ்போஸ் என்று அழைக்கப்படும் நாணலும் ஓடைகளும் நிறைந்த ஈரநிலம் அங்கேதான் உருவானது. புயல் ஓய்ந்த பின் எஞ்சியதைப் பார்க்கக் கரைக்கு வந்த ஒருவர், நீரில் ஒரு மரத்தொட்டில் மிதந்து வருவதைக் கண்டாராம். தொட்டில் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் அதன் மேலிருந்த பூனை மறுபக்கம் தாவித் தாவி அதை நிலைப்படுத்திக்கொண்டே வந்ததாம். கரை சேர்ந்த தொட்டிலுக்குள் ஒரு குழந்தை நனையாமல் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

இது நாட்டார் கதை. சான்றுள்ள நிகழ்வு என்று எவரும் சொல்ல முடியாது. வெள்ளம் உண்மை, நிலம் மறைந்தது உண்மை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்ட தேவாலயப் பலகை ஓவியங்கள் அந்த வெள்ளத்தைக் காட்டுகின்றன. இத்தனை இழப்பு நிகழ்ந்த ஓர் இரவைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது ஒரு குழந்தை பிழைத்த கதையை என்பது என்னைத் தொடுகிறது. எனவே கதையைப் பொய் என்று தள்ளாமலும் வரலாறு என்று ஏற்காமலும் கேட்டுக்கொண்டு மேலே நடக்கலாம்.

மூன்றாம் படி: ஆலைகளுக்கு முந்தைய நூற்றாண்டுகளைப் புரிந்துகொள்வது

ஆலைகளுக்குப் பின்னணியாக உள்ள நிலத்தின் பெயர் அல்பிளாசர்வார்ட். வார்ட் என்றால் ஆறுகளால் சூழப்பட்ட நிலம், அதாவது ஆற்றிடைக்குறை. வடக்கே லெக், மேற்கே நோர்ட், தெற்கே மெர்வேடே என மூன்று ஆறுகள் இதை வளைத்திருக்கின்றன. சுமார் 11ஆம் நூற்றாண்டு முதல் குடியேறிய விவசாயிகள் இங்கிருந்த சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து வயலாக்கினார்கள். அந்தச் சதுப்பின் மண் சாதாரண மண் அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் நீருக்குள் அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மண். நீர் இருக்கும்வரை அது பஞ்சுபோல் உப்பியிருக்கும். நீரை வடித்தவுடன் சுருங்கும். காற்றுப் பட்டதும் மேலும் மக்கிக் கரையும். நிலத்தை உலர்த்த உலர்த்த நிலம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் மீண்டும் நீர் தேங்கியது. அதை வடிக்க இன்னும் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது. அதே நேரத்தில் இரு பக்கமும் கரைகளுக்குள் அடைபட்ட ஆறு, தான் கொண்டுவந்த வண்டலைத் தன் படுகையிலேயே போட்டு உயர்ந்துகொண்டிருந்தது.

தனி ஒருவரால் இதைச் சமாளிக்க முடியாது. ஒருவரின் கரை உடைந்தால் எல்லோரின் வயலும் மூழ்கும். 1277இல் ஹாலந்தின் கோமகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் அல்பிளாசர்வார்டின் ஊர்களை ஒரே நீர் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார். நெதர்லாந்தின் நீர் வாரியங்கள் இப்படித்தான் தோன்றின; நிலம் வைத்திருப்பவர்கள் வரி கட்ட வேண்டும், தமக்குரிய கரைப்பகுதியைப் பராமரிக்க வேண்டும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் தேற வேண்டும். தன் பகுதியைப் பராமரிக்க இயலாதவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு நிலத்தை விட்டு நீங்குவார். அந்த மண்வெட்டியைப் பிடுங்குபவருக்கு நிலமும் கரையின் பொறுப்பும் சேரும் என்ற வழக்கம் அக்காலத்தில் இருந்தது. கரை கட்ட மாட்டேன் என்பவன் ஊரை விட்டு விலக வேண்டும் என்ற டச்சுப் பழமொழி அதிலிருந்து பிறந்தது.

நிலத்தின் கிழக்குப் பகுதியான ஓவர்வார்டும் மேற்குப் பகுதியான நேடர்வார்டும் தனித்தனி நிர்வாகங்களாக இயங்கின. 1360களில் இரண்டும் தத்தம் நீரை வடமேற்கு மூலைக்குக் கொண்டுவரத் தனித்தனிக் கால்வாய்களை வெட்டின. ஏன் இந்த மூலை? வார்டைச் சுற்றி ஓடும் ஆறுகள் கடலை நோக்கி இறங்கும் திசையில் இதுவே கடைசி முனை; ஓதம் வடியும்போது ஆற்றின் மட்டம் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே தாழும். எனவே எல்ஸ்ஹவுட் என்ற இடத்தில் கரையில் மதகுகள் அமைத்து, ஆறு தாழும்போது திறந்து, உயரும்போது மூடினார்கள். இந்த எளிய ஏற்பாடு பல தலைமுறைகளுக்குப் போதுமாக இருந்தது. பிறகு நிலம் மேலும் இறங்கி, ஆறு மேலும் உயர்ந்து, மதகைத் திறந்தாலும் நீர் தானாகப் போகாத நிலை வந்தது.

நான்காம் படி: இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பது

இப்போது கரையிலிருந்து இறங்கி, கால்வாய்களுக்கு இடையே போகும் நடைபாதையில் உள்நோக்கி நடக்கலாம். இந்தப் பாதையில் நடக்கக் கட்டணம் இல்லை. அருங்காட்சியக ஆலைகளுக்கும் சுற்றுப் படகுக்கும் மட்டுமே சீட்டு வாங்க வேண்டும். பாதையின் ஒரு பக்கம் உருண்டையான செங்கல் ஆலைகள் எட்டு; இவை நேடர்வார்டுக்கு உரியவை, 1738இல் கட்டப்பட்டவை. மறுபக்கம் எட்டுப் பக்கங்கள் கொண்ட, நாணல் வேய்ந்த மர ஆலைகள் எட்டு. இவை ஓவர்வார்டுக்கு உரியவை, 1740இல் கட்டப்பட்டவை. இரு வாரியங்களுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கால்வாய், தனித்தனித் தேக்கம், ஆலைகளும் தனித்தனியாயின. இன்று நமக்கு அழகாகத் தெரியும் இந்த எதிரெதிர் வரிசைகள் அழகுக்காகத் திட்டமிடப்பட்டவை அல்ல. இரண்டு நிர்வாகங்கள் ஒரே வழியாக நீரை வெளியேற்ற நேர்ந்ததன் விளைவு.

இந்த 16 ஆலைகளும் வயலிலிருந்து நேரடியாக நீர் இறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயல்களுக்கு நடுவே இருந்த வேறு ஆலைகள் நீரை வாய்க்கால்களிலிருந்து தூக்கிக் கால்வாய்க்குள் விட்டன. அந்த நீர் கின்டர்டைக் வந்து தாழ்தேக்கத்தில் சேர்ந்தது. நீங்கள் இரு பக்கமும் பார்க்கும் அகன்ற கால்வாய்கள் அந்தத் தாழ்தேக்கங்களே. ஆலைகள் அதிலிருந்து நீரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தி, தமக்குப் பின்னால் நாணல் மண்டிக் கிடக்கும் மேல்தேக்கத்தில் விட்டன. ஆறு தாழும் நேரத்தில் மேல்தேக்கத்தின் நீர் மதகு வழியே லெக்கில் கலந்தது. தேக்கத்தை டச்சு மொழியில் மார்பு என்று பொருள்படும் பூஸெம் என்ற சொல்லால் குறிக்கிறார்கள். ஆறு இடம் கொடுக்கும்வரை நீரை ஏந்தி வைத்திருக்கும் இடத்திற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

மேல்தேக்கம் குறிப்பிட்ட அளவை எட்டிவிட்டால் காற்று எவ்வளவு நன்றாக அடித்தாலும் ஆலைகள் நிற்க வேண்டும். இல்லையேல் தேக்கத்தின் கரை உடையும். மறுபுறம், ஆறு தாழ்ந்திருந்து காற்று வீசினால் நள்ளிரவானாலும் ஆலைக்காரர் எழுந்து இறக்கைகளில் பாய்த்துணி கட்டி ஆலையை ஓட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: ஓர் ஆலைக்குள் நுழைவது

நேடர்வார்டின் ஆலைகளில் ஒன்று அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. இதைத் தவிர்க்கக் கூடாது. உள்ளே போகுமுன் வெளியில் நின்று இறக்கைகளைப் பாருங்கள். முனைக்கு முனை சுமார் 28 மீட்டர் நீளமுள்ள இவை தரையை உரசுவதுபோலச் சுழல்கின்றன. இவ்வகை ஆலைகளுக்கு எதிரெதிராக இரண்டு வாசல்கள் இருப்பது இதனால்தான்: காற்றின் திசையைப் பொறுத்து ஒரு வாசலின் முன்னே இறக்கைகள் சுழலும்போது, மற்ற வாசல் வழியாகவே வீட்டார் போய்வர முடியும். சிறு குழந்தைகள் உள்ள ஆலை வீடுகளில் இது எத்தனை கவலையாக இருந்திருக்கும் என்பதை அந்த வாசலில் நிற்கும்போது உணரலாம். ஓடும் ஆலையின் இறக்கைப் பக்கம் ஒருபோதும் செல்லாதீர்கள்; கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

காற்று திசை மாறினால் ஆலையின் தலைப்பகுதியைத் திருப்ப வேண்டும். தலையிலிருந்து பின்புறமாகத் தரைவரை இறங்கும் நீண்ட மரக்கட்டைகளே அதற்கான வால். வாலின் அடியில் உள்ள பெரிய கைச்சக்கரத்தைச் சங்கிலியால் தரைக்கல்லோடு பிணைத்துச் சுற்றினால், பல டன் எடையுள்ள தலை அங்குலம் அங்குலமாகத் திரும்பும். பிறகு ஆலைக்காரர் ஒவ்வோர் இறக்கையையும் கீழே கொண்டுவந்து, அதன் மரச்சட்டத்தில் ஏறிப் பாயை விரிப்பார். காற்று கடுமையாக இருந்தால் பாதி விரிப்பார், அல்லது விரிக்காமலே ஓட்டுவார்.

உள்ளே, இறக்கைகளின் அச்சில் உள்ள பெரிய பல்சக்கரம், நடுவே செங்குத்தாக நிற்கும் தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டு அடியில் உள்ள நீர் அள்ளும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுமார் ஆறு மீட்டர் விட்டமுள்ள அந்தச் சக்கரத்தின் பலகைகள் நீரைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றுகின்றன. ஏறிய நீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு கதவு இருக்கிறது. நீர் தள்ளும்போது அது திறக்கும், ஆலை நின்றதும் மேல்பக்க நீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். ஆலையின் வேகத்தை ஆலைக்காரர்கள் சுற்றுகளால் சொல்வதில்லை. நிமிடத்திற்கு எத்தனை இறக்கைகள் கடந்தன என்று எண்ணுகிறார்கள். 80 என்றால் 20 சுற்றுகள்.

இந்த இயந்திரங்களைச் சுற்றியே குடும்பம் வாழ்ந்தது. சுவரோடு பெட்டிபோல் பதித்த படுக்கைகள், அடுப்பு, வளைந்த சுவருக்கு ஏற்ப நெருக்கிய மேசை நாற்காலிகள் எல்லாம் அறையில் இருக்கின்றன. வாரியம் கொடுத்த ஊதியம் பெரிதன்று. காய்கறித் தோட்டமும் ஓரிரு ஆடுகளும் மீனும் வயிற்றை நிரப்பின. ஆலைகளில் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. எனவே முற்றங்களுக்குள் நுழைவதும் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் பிறர் வீட்டில் செய்யும் தவறே ஆகும். ஆலை ஓட்டும் கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆறாம் படி: நிற்கும் இறக்கைகளைப் படிப்பது

ஆலை ஓடாதபோதும் அது எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. இறக்கைகள் நேர்நிலையில் கூட்டல் குறிபோல் நின்றால் சிறிது நேர ஓய்வு. பெருக்கல் குறிபோல் சாய்ந்து நின்றால் நீண்ட ஓய்வு. முன்னாலிருந்து பார்த்தால் இறக்கைகள் இடஞ்சுழியாகச் சுழலும். கீழே வரும் இறக்கை மிகத் தாழ்ந்த புள்ளியை எட்டுவதற்குச் சற்று முன் நிறுத்தப்பட்டிருந்தால் அது மகிழ்ச்சியின் அடையாளம். பிறப்போ திருமணமோ நிகழ்ந்திருக்கும். அந்தப் புள்ளியைச் சற்றுக் கடந்து நின்றால் அது துக்கம். 2014 ஜூலையில் மலேசிய விமானம் உக்ரைனில் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த நெதர்லாந்துக் குடிமக்கள் பலர் இறந்தபோது, நாடெங்கும் ஆலைகள் இந்தத் துக்க நிலையில் நிறுத்தப்பட்டன.

ஏழாம் படி: மீதமுள்ள மூன்று ஆலைகளைத் தேடுவது

16ஐப் பார்த்தவுடன் பலர் திரும்பிவிடுகிறார்கள். பிளோக்வேர் ஆலை பாதையின் தொலைவில், அல்பிளாசர்டாம் பக்கம் தனியாக நிற்கிறது. மற்றவற்றைவிட இது பழைய வகை: கீழே கூம்பு போன்ற அடித்தளம், அதன் மேல் ஒரு சிறு மரவீடு, காற்றுக்கு ஏற்ப அந்த மேல்வீடு முழுவதும் திரும்பும். 1997இல் தீயில் எரிந்து, 2000ஆம் ஆண்டுக்குள் மீண்டும் கட்டப்பட்டது. இதுவும் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. இதன் மேல்வீட்டையும் நேடர்வார்டு ஆலையின் தலையையும் மனத்தில் ஒப்பிட்டால், தலையை மட்டும் திருப்பும் முறை எத்தனை பெரிய ஆலைகளைச் சாத்தியமாக்கியது என்பது விளங்கும். எஞ்சிய இரண்டும் நியு-லெக்கர்லான்ட் என்ற ஊரின் வயல்களுக்கானவை. ஒன்று 1740ஐயும் மற்றது 1761ஐயும் சேர்ந்தது.

எட்டாம் படி: நீராவியையும் திருகாணியையும் பார்ப்பது

திரும்பி ஆற்றங்கரைப் பக்கம் வரும்போது, ஆலைகளுக்குப் பின் வந்த காலத்தைப் பாருங்கள். காற்று இல்லாத மழைக்காலம் ஆலைகளைக் கைவிட்டது. அதனால் 1860களின் இறுதியில் வாரியங்கள் நீராவி இறைப்பு நிலையங்களைக் கட்டின. ஓவர்வார்டுக்காக 1868இல் கட்டப்பட்ட விஸ்போம் நிலையம் 1924இல் மின்சாரத்திற்கு மாறியது; இன்று பார்வையாளர் நிலையமாக உள்ளது. ஆனாலும் ஆலைகள் உடனே கைவிடப்படவில்லை. நீராவியோடு சேர்ந்து அவை நெடுங்காலம் உழைத்தன. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் கிடைக்காதபோது மீண்டும் அவையே நிலத்தைக் காத்தன. 1950ஐ ஒட்டியே அவற்றின் அன்றாட வேலை முடிந்தது.

நேடர்வார்டின் நீரை இப்போது தூக்குவது 1972இல் அமைக்கப்பட்ட ஜே.யு. ஸ்மிட் நிலையம். அதன் மூன்று பெரிய திருகாணிகள், ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் அதே பழைய தத்துவத்தில், சுழன்று பெருமளவு நீரை உயர்த்த வல்லவை. படம் எடுப்பவர்கள் இந்த நிலையத்தைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம் தருகிறது. இது ஓடாத நிலை வந்தால் ஆலைகள் நிற்கும் நிலமே நிற்காது. 1953 பிப்ரவரியில் கடல் வெள்ளத்தின்போது பாபென்ட்ரெக்ட் அருகே கரை உடைந்து அல்பிளாசர்வார்ட் மூழ்கியதை முதியவர்கள் மறக்கவில்லை. 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றதும் ஆலைகளை மட்டும் அன்று. கரை, தேக்கங்கள், மதகுகள், இறைப்பு நிலையங்கள் ஆகியவற்றைச் சேர்த்த முழு அமைப்பைத்தான்.

ஒன்பதாம் படி: ஊருக்குள் போவது

ஆலைகளுக்கு வருபவர்கள் கின்டர்டைக் கப்பல் கட்டும் ஊர் என்பதை அறியாமலே போகிறார்கள். ஆற்றோரம் ஃபோப் ஸ்மிட் நடத்திய கப்பல் பட்டறை 19ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்றது. 1842இல் அவர் கின்டர்டைக் என்று ஊரின் பெயரையே சூட்டிய துடுப்புச் சக்கர நீராவிப் படகைக் கொண்டு பாய்மரக் கப்பல்களை இழுக்கும் தொழிலைத் தொடங்கினார். உலகின் பெரிய இழுவைக் கப்பல் நிறுவனங்களில் ஒன்று அதிலிருந்து வளர்ந்தது. தூர்வாரும் கப்பல்களுக்குப் பெயர் பெற்ற ராயல் ஐஎச்சி நிறுவனமும் இந்த ஊரைச் சேர்ந்ததே. ஆற்றைத் தூர்வாரிக் கரையை உயர்த்திப் பழகிய மக்கள் அதற்கான கலங்களைக் கட்டுவதில் தேர்ந்தது இயல்பானது. கரைச்சாலையை ஒட்டி, முன்வாசல் கரையின் மட்டத்திலும் பின்வாசல் கீழே தோட்டத்தின் மட்டத்திலுமாக நிற்கும் கரைவீடுகளையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

கூட்டமின்றிப் பார்க்க விரும்பினால் காலையிலேயே போய்ச் சேருங்கள். ஒரு தடவை நிதானமாகச் சுற்றிவர அரைநாள் வேண்டும். மறைப்பில்லாத சமநிலம் என்பதால் காற்று எப்போதும் உடம்பில் அறையும். கோடையிலும் காற்றுத் தடுப்பு மேலாடை தேவைப்படும். குடை பயன்படாது. பாதை அகலமில்லாதது, மிதிவண்டிகளும் அதில்தான் வரும். எனவே படம் எடுக்க நடுவில் நிற்காதீர்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு வாரம் மாலை நேரங்களில் ஆலைகளுக்கு ஒளியூட்டுவார்கள். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வருபவர்கள் மேல்தேக்கங்களின் நாணல் பக்கம் கண்ணோட்டுவது நல்லது. செந்நாரைகளும் கறுப்பு ஆலாக்களும் அங்கே இருக்கும். அந்தத் தேக்கங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நாட்டுரா 2000 காப்புப் பகுதியைச் சேர்ந்தவை.

படகு ஏறுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள். ஆறு தாழும் நேரத்திற்குச் சற்று முன்பாக எல்ஸ்ஹவுட் கரைக்கு வந்துவிட்டால், உள்ளே இத்தனை நேரம் நீங்கள் பின்தொடர்ந்த நீர் கடைசியாகக் கடக்க வேண்டிய இடத்தில் நிற்பீர்கள். உங்களுக்குப் பின்னால் தேக்கம், காலடியில் மதகு, முன்னால் மெல்ல இறங்கும் லெக்.